வனத் தொழிலாளியாக வேலை தொடங்குவது எப்படி: முதல் நாற்று முதல் முதல் மரம் வரை

காட்டு வேலைக்குப் போகணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலானவர்கள் அடுத்த மூச்சிலேயே எந்த செயின்சா, அதாவது மரம் அறுக்கும் சங்கிலி மெஷின், வாங்கலாம் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை ஒரு வருடம் தள்ளி வையுங்கள். இந்தத் தொழிலில் கையை விடக் கண்ணுக்குத்தான் முதலில் பயிற்சி வேண்டும். ஒரு மரத்தைப் பார்த்து அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மேலே எந்தக் கிளை செத்துத் தொங்குகிறது, காலடியில் மண் எவ்வளவு வழுக்கும் என்று சொல்லத் தெரிந்த பிறகு மெஷினைப் பிடித்தால் போதும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மரம் வெட்டும் வேலை உலகின் மிக ஆபத்தான தொழில்களில் ஒன்று. அமெரிக்காவில் 2022-ல் வேலையில் இறந்தவர்கள் எல்லாத் தொழில்களையும் சேர்த்து ஒரு லட்சம் பேருக்கு 3.7 பேர். மரம் வெட்டுபவர்களில் மட்டும் அது சுமார் 100. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இதே வேலையை முப்பது நாற்பது வருடம் செய்து முழுதாக ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வழிகாட்டி முழுக்க.

1. எந்த வேலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"வனத் தொழிலாளி" என்பது ஒரே வேலை இல்லை. நாற்றங்காலில் விதை போட்டு நாற்று வளர்ப்பது, நடவு, களையெடுப்பு, கிளை கழிப்பது, நெருக்கமாக வளர்ந்த இளங்காட்டில் வலுவான மரங்களுக்கு இடம்விட்டு மற்றவற்றை வெட்டி எடுப்பது, முதிர்ந்த மரத்தைச் சாய்ப்பது, வெட்டிய கட்டையைச் சாலை வரை இழுப்பது, தீத்தடுப்புக் கோடு வெட்டிப் பராமரிப்பது, மரங்களை எண்ணி அளந்து குறித்துக் கொடுப்பது, எல்லாமே இதற்குள் வரும். மரம் வெட்டுபவர்கள் மட்டுமே வனத் தொழிலாளிகள் என்று நினைத்துக்கொண்டு வருபவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் புதிதாக வருபவர் கையில் கொடுப்பது பெரும்பாலும் மண்வெட்டியும் நாற்றுப் பையும்தான்.

அதுவே நல்லது. நடவிலும் களையெடுப்பிலும் காடு எப்படி வளர்கிறது என்பது உங்களுக்கே தெரியாமல் உடம்பில் ஏறிவிடும்.

2. உடம்பைத் தயார் செய்யுங்கள்

ஜிம்மில் எவ்வளவு எடை தூக்குகிறீர்கள் என்பது இங்கே பெரிதாக உதவாது. 10 முதல் 15 கிலோ சுமையோடு மேடும் பள்ளமுமான தரையில் ஆறேழு மணி நேரம் நடக்க முடிகிறதா, அடுத்த நாளும் அதையே செய்ய முடிகிறதா, அதுதான் கேள்வி. வேலைக்குச் சேர்வதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு பையில் எடை போட்டுக்கொண்டு சரிவான பாதையில் நடக்க ஆரம்பியுங்கள். வேலைக்குப் போட்டுக்கொள்ளப் போகும் அதே பூட்ஸோடு நடங்கள், முதல் வாரத்தில் காலில் கொப்புளம் வந்து வீட்டுக்குத் திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதுகு, முழங்கால், மணிக்கட்டு இந்த மூன்றும்தான் முதலில் கெடும். குனியும்போது இடுப்பிலிருந்து மடங்கி முழங்காலைத் தளர்த்தப் பழகுங்கள். நடவில் வலக்கையால் குத்துகிறவர் என்றால் நடுவில் கொஞ்ச நேரம் இடக்கைக்கு மாற்றுங்கள். முதல் சில நாள் வேகம் குறையும், மூன்றாவது வாரத்தில் அதற்காக சந்தோஷப்படுவீர்கள்.

தண்ணீர் பற்றி ஒரு விஷயம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வெயிலில் கடுமையாக உழைக்கும்போது 15-20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் என்ற கணக்கில் குடியுங்கள். கூட வேலை செய்பவர் திடீரென்று உளறினாலோ, தடுமாறினாலோ, வெயிலில் வேர்ப்பது நின்றுபோனாலோ அது சோர்வு இல்லை, வெப்பத் தாக்கு. வேலையை நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, உடனே உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும்.

3. முதல் வேலை: நடவில் சேருங்கள்

நடவுப் பருவத்தில் ஆள் தேவை அதிகம், முன் அனுபவம் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். வனத்துறைகள், தோட்டக்காடு வைத்திருக்கும் நிறுவனங்கள், அவர்களிடம் வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள், காடு மீட்பு வேலை செய்யும் அமைப்புகள் என்று நான்கு வாசல்கள் உண்டு. பருவம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கேட்டு வையுங்கள், தொடங்கிய பிறகு கேட்டால் இடம் இருக்காது.

நாற்று நடுவது எளிது என்று நினைப்பவர்களுக்காக ஒரே ஒரு நாற்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். மண்வாரியின் அலகை நேராக இறக்கி, பிடியை முன்னும் பின்னும் ஆட்டிக் குழியைத் திறக்க வேண்டும். வேர் குழிக்குள் நேராகத் தொங்க வேண்டும், நுனி மேல்நோக்கி மடங்கிவிட்டால் அந்த மரம் ஐந்தாறு வருடம் நன்றாக வளர்வதுபோல் காட்டிவிட்டு ஒரு பெருங்காற்றில் விழுந்துவிடும். வேரும் தண்டும் சேரும் இடம் மண்மட்டத்தை ஒட்டி இருக்கட்டும். அப்புறம் காலால் மிதித்து மூட வேண்டும், குதிகாலால் குத்தக் கூடாது, பாதத்தின் முன்பகுதியால் அழுத்தினால் போதும். கடைசியாக மேல் இலையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். இலை பிய்ந்துகொண்டு வந்து நாற்று அசையாமல் நின்றால் நடவு சரி. நாற்றே கையோடு வந்தால் மண்ணுக்கும் வேருக்கும் நடுவே காற்று நிற்கிறது, வேர் காய்ந்துவிடும்.

பையில் இருக்கும் நாற்றின் வேரை வெயில் படாமல் ஈரமாக மூடி வைத்திருப்பது, நடும் திறமையளவு முக்கியம். நுண்ணிய வேர்கள் வெயிலிலும் காற்றிலும் சில நிமிடங்களிலேயே காய ஆரம்பிக்கும், வெளியே பார்த்தால் நாற்று பச்சையாகவே இருக்கும், அதனால் யாருக்கும் தெரியாது.

பழகியவர்கள் நல்ல நிலத்தில் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் நடுவார்கள். அந்த எண்ணைத் துரத்தாதீர்கள். முதல் பருவத்தில் மேஸ்திரி உங்கள் நடவைச் சோதித்துப் பார்க்கும்போது எத்தனை தேறுகிறது என்பதை மட்டும் பாருங்கள், வேகம் தானாக வரும்.

4. கூலி, ஒப்பந்தம், கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தத் தொழிலில் நாள் கூலி உண்டு, எண்ணிக்கைக்குக் கூலி, அதாவது பீஸ் ரேட், உண்டு, வெட்டிய கட்டையின் கன அளவுக்குக் கூலியும் உண்டு. எண்ணிக்கைக் கூலியில் நல்ல காசு பார்க்கலாம், ஆனால் அவசரத்தையும் அதுவே கொண்டுவரும். நடவில் அவசரப்பட்டால் நாற்று சாகும், வெட்டில் அவசரப்பட்டால் ஆளே போய்விடலாம். அதனால் செயின்சா கற்கும் காலத்தில் நாள் கூலிக்கு மட்டும் வேலை செய்யுங்கள், யார் எவ்வளவு ஆசை காட்டினாலும்.

சேரும் முன் கேளுங்கள்: மழைக்கோ காற்றுக்கோ வேலை நின்றால் கூலி உண்டா? பாதுகாப்பு உடை யார் தருவது? காயம் பட்டால் காப்பீடு இருக்கிறதா, என் பெயர் அதில் இருக்கிறதா? போக்குவரத்து நேரம் வேலை நேரத்தில் சேருமா? அவசரத்துக்கு வண்டி தளத்திலேயே நிற்குமா? கேள்வி கேட்டதற்கு முகம் சுளிக்கும் ஒப்பந்தக்காரரிடம் போக வேண்டாம். நான் ஆரம்பித்த புதிதில் ஒருவர் விரிசல் விட்ட ஹெல்மெட்டைக் கையில் கொடுத்து, இது போதும், சின்ன மரம்தான் என்றார். அன்றைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டேன். அன்று ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக அது சரியாகிவிடாது. இன்றைக்கு யாரும் அப்படிக் கொடுத்தால் அந்த நாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வந்துவிடுவேன், நீங்களும் அதையே செய்யுங்கள்.

காடு பொறுப்போடு பராமரிக்கப்படுகிறது என்பதற்கான எஃப்எஸ்சி, பிஇஎஃப்சி போன்ற சான்று பெற்ற காடுகளில் வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளையும் காட்ட வேண்டியிருக்கும். அதனால் எல்லாம் சரியாக நடக்கும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் கேள்வி கேட்க உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1998-ல் வெளியிட்ட வன வேலைப் பாதுகாப்பு நெறிமுறையும் இருக்கிறது, மேஸ்திரியாக ஆசைப்படுபவர்கள் அதைத் தேடிப் படியுங்கள்.

5. பாதுகாப்பு உடை

காசு சேர்ந்ததும் முதலில் வாங்க வேண்டியது மெஷின் இல்லை, உடை. ஹெல்மெட்டில் முகத்துக்கு வலை, காதுக்கு மூடி இரண்டும் இருக்கட்டும், உள்ளே அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், பழைய பிளாஸ்டிக் வெயிலில் வலுவிழந்திருக்கும். செயின்சாவின் சத்தம் 100 டெசிபலுக்கு மேல் போகும், காதை மூடாமல் 15 நிமிடம் கேட்டாலே ஒரு முழு நாளின் பாதுகாப்பான அளவு தீர்ந்துவிடும்.

பேண்ட் பற்றித் தவறான நம்பிக்கை ஒன்று உண்டு. செயின்சா பேண்ட்டை வெட்டவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். துணி வெட்டுப்படும். உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் நீண்ட இழைகள் வெளியே இழுபட்டு, சங்கிலியைச் சுழற்றும் பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, நொடியின் ஒரு பகுதியில் சங்கிலியை நிறுத்துகின்றன, காலைக் காப்பாற்றுவது அதுதான். ஐஎஸ்ஓ 11393 என்ற சர்வதேசத் தரத்தில் வகுப்பு 0 என்றால் நொடிக்கு 16 மீட்டர் வேகச் சங்கிலிக்குச் சோதித்தது, வகுப்பு 1 என்றால் 20, வகுப்பு 2 என்றால் 24, வகுப்பு 3 என்றால் 28. உங்கள் மெஷினின் வேகத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒருமுறை வெட்டுப்பட்ட பேண்ட்டைத் தைத்துப் போடாதீர்கள், இழை தையலில் கட்டுண்டுவிட்டால் வெளியே இழுபடாது.

பூட்ஸில் இரும்பு முனையும் வெட்டுத் தாங்கும் முன்பகுதியும் வேண்டும். இதோடு ரத்தப்போக்கை நிறுத்தும் அழுத்தக் கட்டு ஒன்றை உடம்பிலேயே வைத்திருங்கள். வண்டியில் இருக்கும் முதலுதவிப் பெட்டி 200 மீட்டர் தள்ளி இருக்கும், செயின்சா காயத்துக்கு அந்தத் தூரம் ரொம்ப அதிகம்.

6. முதலுதவி, தனியாகப் போகாமை

செயின்சா வகுப்புக்கு முன்னால் முதலுதவி வகுப்பு, இந்த வரிசையை மாற்றாதீர்கள். தினமும் காலையில் தளத்துக்குப் போனதும், போன் எங்கே எடுக்கிறது, அவசர வண்டி எந்தப் பாதையில் வர முடியும், அந்த இடத்தை எப்படிச் சொல்லி அழைப்பது என்பதைக் குழுவில் எல்லோரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வனத்துக்குள் இருந்து "பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்று சொன்னால் யாரும் வர முடியாது, ஆயத்தொலைவு எண்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.

செயின்சா வேலைக்குத் தனியாகப் போகவே கூடாது. இதில் விதிவிலக்கு கிடையாது.

உண்ணி கடிக்கும் இடங்களில் மாலையில் உடம்பைச் சோதியுங்கள். கடித்திருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், சூடு வைப்பது, எண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். சில நாள் கழித்து அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ காட்டில் வேலை செய்வதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

7. செயின்சா: வெட்டுவதற்கு முன் தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள்

சான்றிதழ் தரும் முறையான பயிற்சிக்குப் போங்கள். ஐரோப்பாவில் செயின்சா சான்றிதழ் நான்கு படிகளாக இருக்கிறது: பராமரிப்பும் கீழே கிடக்கும் கட்டையை அறுப்பதும் முதல் படி, சின்ன மரம் இரண்டாவது, பெரிய மரம் மூன்றாவது, புயலில் சாய்ந்து சிக்கிய மரம் நான்காவது. உங்கள் ஊரில் வேறு சான்றிதழ் இருந்தாலும் கற்கும் வரிசை இதுவாகவே இருக்கட்டும்.

மழுங்கிய சங்கிலி ஆபத்தானது. அழுத்தம் கொடுத்து அறுக்க வேண்டி வரும், கை சோரும், அதிர்வு கூடும், அந்தச் சோர்வில்தான் தவறு நடக்கும். அறுக்கும்போது சுருள் சுருளாகச் செதில் விழுந்தால் சங்கிலி கூர்மை, மாவுபோல் தூள் விழுந்தால் நிறுத்தித் தீட்ட வேண்டிய நேரம். இந்தச் சங்கிலிப் பல்லுக்கு ஒரு அழகான பின்கதை உண்டு. ஜோ காக்ஸ் என்ற அமெரிக்க மரத் தொழிலாளி, மரத்தைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாகத் தாடையை ஆட்டி மரத்தைத் தின்பதைக் கவனித்தார், அதைப் பார்த்து அவர் வடிவமைத்த சங்கிலிதான் 1947-ல் விற்பனைக்கு வந்து இன்றைய சங்கிலிகளுக்கு அடிப்படையானது. இன்றும் ஒரு பல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறி இருப்பதைப் பாருங்கள்.

தீட்டும்போது சங்கிலிக்கு ஏற்ற வட்ட அரம் வேண்டும். கண்ணி இடைவெளி .325 அங்குலமான சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர், பெரிய 3/8 சங்கிலிக்கு 5.5, சின்ன மெஷின்களின் 3/8 சங்கிலிக்கு 4.0 என்பது வழக்கமான அளவு. உள்ளிருந்து வெளிப்பக்கம் மட்டும் தள்ளுங்கள், திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளல். ஒரு பக்கப் பற்கள் நீளமாகிவிட்டால் வெட்டு நேராகப் போகாமல் வளையும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேடு பல்லின் நுனியைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அதை அதிகமாகத் தேய்த்தால் மெஷின் பயங்கரமாக உதைக்கும்.

உதைப்பு என்றதும் இன்னொன்று. சங்கிலி ஓடும் நீண்ட தகடான பாரின் மூக்கில் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எழும்பும். இடது கட்டைவிரல் முன்கைப்பிடியை முழுதாகச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும், தலை சங்கிலியின் நேர்க்கோட்டில் வரவே கூடாது, இரண்டு காலடிக்கு மேல் நடந்தால் சங்கிலியை நிறுத்தி வைக்கும் செயின் பிரேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். எரிபொருள் கலவை பெரும்பாலான மெஷின்களில் 50:1, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்.

குளிரில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போக ஆரம்பித்தால் அலட்சியம் வேண்டாம். அதிர்வால் வரும் நோய் அது, முற்றினால் திரும்பாது. கையைச் சூடாக வைத்து, மெஷின் வேலையை மற்ற வேலையோடு மாற்றி மாற்றிச் செய்து, மருத்துவரைப் பாருங்கள்.

8. முதல் மரம்

எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் முதல் நாள் மெஷினைத் தொடவே விடவில்லை. ஒரு மரத்தைக் காட்டி, சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொல் என்றார். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டேன், வடக்குப் பக்கம் சாய்வு, விழ இடம் இருக்கிறது என்று. இன்னும் சுற்று என்றார். நான்காவது சுற்றில்தான் தெரிந்தது, பக்கத்து மரத்தின் கவட்டையில் என் கால் அளவு பருமனான ஒரு செத்த கிளை எதிலும் ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. முதல் அதிர்வுக்கே கீழே வந்திருக்கும், நான் நின்றிருக்க வேண்டிய இடத்துக்கு நேராக.

ஆக, பார்வை முதலில் மேலே. அப்புறம் சாய்வு, காற்று, தண்டில் அழுகல் இருக்கிறதா என்று கோடாலியின் பின்பக்கத்தால் தட்டிக் கேட்பது, கொடிகள் பக்கத்து மரத்தோடு பிணைத்திருக்கிறதா என்பது. மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும், 25 மீட்டர் மரத்துக்கு 50 மீட்டர். விழும் திசைக்குப் பின்புறம் இரு பக்கமும் 45 டிகிரியில் தப்பிக்கும் பாதை வெட்டித் தரையைச் சுத்தம் செய்யுங்கள், மெஷினைக் கிளப்புவதற்கு முன்னால்.

வெட்டு மூன்று பகுதி. விழ வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவில் துண்டை எடுத்து வாய் திறப்பது, ஆழம் தண்டின் விட்டத்தில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை. பின்பக்கத்திலிருந்து வெட்டி வருவது. இரண்டுக்கும் நடுவே வெட்டாமல் விடும் கீல், கதவின் கீல் மாதிரிதான் மரத்தைப் பிடித்து இறக்கி வைக்கும். அதன் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒன்று. 40 சென்டிமீட்டர் மரம் என்றால் வாய் 8 முதல் 10, கீல் 4, இரு முனையிலும் ஒரே தடிமன். கீலை அறுத்துவிட்டால் மரம் எங்கே போகும் என்பது உங்கள் கையில் இல்லை. பின்வெட்டில் இடம் கிடைத்ததும் பிளாஸ்டிக் ஆப்பைச் செருகுங்கள், பார் மாட்டிக்கொள்ளாது, மரமும் பின்னால் உட்காராது. மரம் அசைய ஆரம்பித்ததும் மெஷினை எடுத்துக்கொண்டு, வர மறுத்தால் விட்டுவிட்டு, பாதையில் குறைந்தது 5 மீட்டர் போங்கள், கண் மேலேயே இருக்கட்டும். விழுந்த பிறகும் கிளைகள் ஆடி ஓயும்வரை திரும்பாதீர்கள்.

பக்கத்து மரத்தில் சாய்ந்து சிக்கிவிட்டால்? அனுபவசாலிகளே இறப்பது இங்கேதான். அதன் கீழே போகாதீர்கள், தாங்கி நிற்கும் மரத்தை வெட்டாதீர்கள், இன்னொரு மரத்தை அதன்மேல் சாய்க்காதீர்கள். நாடா கட்டி அந்த இடத்தை மறித்துவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச் வைத்து இழுத்துக்கொள்வார்கள். பச்சை மரம் பல இனங்களில் ஒரு கன மீட்டருக்கு 800 முதல் 1,000 கிலோ இருக்கும், அது தலைக்கு மேலே தொங்குகிறது என்பதை நினைத்துக்கொண்டால் அவசரம் வராது.

9. அப்புறம் எங்கே போகலாம்

இரண்டு மூன்று பருவம் ஆன பிறகு வழிகள் பிரியும். மரத்தை வெட்டி, கிளை நீக்கி, அளவாகத் துண்டு போடும் ஹார்வெஸ்டர் வண்டி ஓட்டலாம், பயிற்சிக்கூடங்களில் சிமுலேட்டரில் தொடங்குவார்கள். உயரம் பிடிக்குமென்றால் கயிற்றில் ஏறிக் கிளை வெட்டும் ஆர்பரிஸ்ட் வேலை. காட்டுத்தீ அணைக்கும் குழுவில் சேர நினைப்பவர்கள் அமெரிக்கக் காட்டுத்தீ அணைப்பாளர் பால் கிளீசன் 1991-ல் வகுத்த நான்கு சொல்லை முதலில் மனப்பாடம் பண்ணுங்கள்: கண்காணிப்பாளர், தகவல் தொடர்பு, தப்பிக்கும் வழி, பத்திரமான இடம். நான்கும் உறுதியாகத் தெரியாமல் தீக்குப் பக்கத்தில் போவதில்லை.

முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கும், எண்கள் பிடித்தவர்களுக்கும் அளவெடுக்கும் வேலை நல்லது. பெரும்பாலான நாடுகளில் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றிச் சுற்றளவு எடுத்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று உயரத்தைக் குறியுங்கள். நாடா தண்டுக்குக் குறுக்காக, தொய்யாமல், பட்டையில் ஒட்டிய பாசியைத் தள்ளிவிட்டுச் சுற்ற வேண்டும்.

எந்த வழியில் போனாலும் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, இடம், என்ன வேலை, எந்த மரம், எத்தனை மணி நேரம், எந்த மெஷின், யார் மேற்பார்வை, எதில் தப்பித்தோம். அடுத்த வேலைக்கு நேர்காணலில் சான்றிதழைவிட அந்த நோட்டை அதிக நேரம் புரட்டிப் பார்ப்பார்கள். பென்சிலால் எழுதுங்கள், மழையில் பேனா மை ஓடிவிடும்.